தபாலட்டையில் முதல் பெயர்

எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், என்னோடு வளர்ந்த மூன்று பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒருத்தி கனடாவில், ஒருத்தி மட்டக்களப்பில், ஒருத்தி இங்கே திருகோணமலையிலேயே, பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில். மற்றவர்களும் வாசிக்கட்டும். அறுபதைத் தாண்டிய எவருக்கும், நாலு பேரோடு கூடி இருந்து கதைக்க ஒரு இடம் தேடிய வயது இருந்திருக்கும். எங்களுக்கு அந்த இடம் எது என்று உங்கள் மூவருக்கும் தெரியும். அது ஒரே பின்னேரத்தில் இல்லாமல் போனதும் தெரியும். அதில் என் பங்கு என்ன என்பது பாதிதான் தெரியும்.

பாண் வாங்க விடியமுன் பேக்கரியில் வரிசையில் நின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போன காலம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடம் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நேரத்தோடேயே வந்துவிட்டது. காய்ந்த வேப்பஞ்சருகும் தூசியுமாக ஒழுங்கை முழுக்கச் சூடு. எங்கள் ஒழுங்கை துறைமுகத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் கிடந்தது. ஒரு பக்கம் கப்பல் ஊதும், மறு பக்கம் அலை கேட்கும். பின்னேரம் நாலரை மணிக்கெல்லாம் மான்கள் இரண்டு மூன்று வந்து வேலியோரப் பூவரசம் இலைகளைக் கடித்துக்கொண்டு நிற்கும். விரட்டினால் நாலடி தள்ளிப் போய் நின்று எங்களையே பார்க்கும்.

அந்த நேரத்தில் பெடியன்கள் எங்கும் போகலாம். கடற்கரைக்குப் போவார்கள், மைதானத்தில் பந்தடிப்பார்கள், ஒரு சைக்கிளில் மூன்று பேர் ஏறிக் கன்னியா வெந்நீர் ஊற்று வரைக்கும் போய்க் குளித்துவிட்டு வருவார்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை கோயில், அதுவும் அம்மாமாரோடு. மற்ற ஆறு நாளும் எங்களுக்கென்று இருந்தது ரேடியோ மாமியின் விறாந்தை மட்டும்தான்.

மாமி யாருக்குச் சொந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோருக்கும் மாமி. அவருடைய கணவர் துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் படகில் வேலை செய்தார். வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு. பிள்ளைகள் இல்லை. விறாந்தையில் ஒரு மேசை, அதன்மேல் பின்னல் துணி, துணியின்மேல் ஒரு ரேடியோ. போட்டவுடன் பாடாது. உள்ளே சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். முகப்பில் ஒரு பச்சைக் கண் மெல்ல மெல்லத் திறக்கும். அது திறந்து முடியுமுன் நாங்கள் ஐந்து பேரும் சீமெந்துத் தரையில் கால் நீட்டி இருந்துவிடுவோம். நீங்கள் மூன்று பேர், நான், அக்கா.

அக்கா என்றால் கிளாக்கர் மாமாவின் மகள். துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர் அவர். வெள்ளைச் சேட்டும் குடையும் இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை. அக்காவுக்குப் பதினெட்டு வயது. பல்கலைக்கழகம் போவதற்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். வயதில் மூத்தவர் எங்களோடு வந்து இருப்பதே எங்களுக்குப் பெருமை. எங்களுக்குத் தலை சீவி இழுத்துவிடுவார். பொய்க்கதை சொல்லமாட்டார். எங்களில் யாராவது கேள்வி கேட்டால் அது எவ்வளவு மொக்குக் கேள்வியாக இருந்தாலும் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

ஒழுங்கை முடிகிற இடத்தில் பூட்டிக் கிடந்த ஒரு களஞ்சியம். அதன் மதிலில் பெடியன்கள் வரிசையாக ஏறி இருப்பார்கள். அவர்களிடம் ரேடியோ இல்லை. நிகழ்ச்சி தொடங்கும்போது மாமி எழும்பிப் போய்ச் சத்தத்தைக் கூட்டுவார்.

"ஏன் மாமி, எங்களுக்குக் கேக்குதுதானே?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"உனக்குக் கேக்குது. மதிலடியில இருக்கிறதுகளுக்கும் காது இருக்குத்தானே, பிள்ளை" என்றார்.

இவ்வளவுதான் எங்கள் சந்திப்பு. நாங்கள் இங்கே, அவர்கள் அங்கே, நடுவில் தொண்ணூறு அடித் தூரம். அங்கே வைத்து ஒருவரோடு ஒருவர் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. ஆனால் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்டோம்.

நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போடும் யோசனை உங்களில் யாருடையது என்று மறந்துபோனேன். எழுதுகிற வேலை என்னுடையது, என் கையெழுத்து வட்டமாக, தெளிவாக இருக்கும் என்பதால். பாட்டின் முதல் வரி, படத்தின் பெயர், கீழே எங்கள் ஐந்து பெயர்கள், ஊர். வயதுப்படி எழுதுவோம். அக்கா முதல், நான் கடைசி.

கொழும்பில் இருந்த அறிவிப்பாளர் எல்லாப் பெயரையும் வாசிக்கமாட்டார். சில நாள் மூன்று, சில நாள் நாலு. இரண்டு தரம் அக்காவின் பெயரை மட்டும் சொல்லி, "மற்றும் பலர்" என்று முடித்துவிட்டார். உங்கள் மூவரின் பெயரும் ஆளுக்கு ஒரு தடவையாவது காற்றில் வந்தது. என் பெயர் ஒருநாளும் வரவில்லை. "இவள் திரும்பவும் பலருக்குள்ள போயிட்டாள்" என்று சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய்த் தலையணைக்குள் அழுவேன்.

அப்போது ஒரு பெயர் ரேடியோவில் வந்தால் எவ்வளவு தூரம் போகும் என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. அக்காவின் பெயர் முதல்தரம் வந்த மறுநாள், கிண்ணியாவிலிருந்து தயிர்ச் சட்டி கொண்டுவருகிறவர் படலையடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "புள்ள, உங்கட பேர் எங்கட ஊருக்கு வந்திட்டுது. கடையில இருந்த எல்லாரும் கேட்டம்" என்றார். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, கடல் கடந்து வருகிற மனிதர். அவர் வருமுன்னே பெயர் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் போன பிறகும் படலையைப் பிடித்தபடி அக்கா நின்றார். அக்கா எதையோ கணக்குப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

மதிலில் இருந்த அண்ணாக்களில் ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் கரையோரக் குடும்பம். விடியப்புறம் தகப்பனோடு கரைவலை இழுத்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வருவார். அந்தக் குடும்பத்திலிருந்து பெரிய பரீட்சைக்குப் படித்த முதல் ஆள். ஒரு தடவை நானும் அக்காவும் நூல்நிலையத்துக்குப் போகும் வழியில் அக்காவின் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. அந்தப் பக்கமாக வந்தவர் இறங்கி, குந்தியிருந்து அதைப் பூட்டிவிட்டார். கையில் பட்ட கிரீசை நிலத்து மணலை அள்ளித் தேய்த்துத் துடைத்தார்.

"இனிக் கழராது" என்றார்.

"நன்றி" என்றார் அக்கா.

"நீங்கள் எடுத்துக்கொண்டு போன பௌதிகவியல் புத்தகத்தை எப்ப திருப்பிக் குடுப்பீங்கள்? நூல்நிலையத்தில ஒண்டுதான் இருக்கு."

"நாளைக்கு."

அவ்வளவுதான். மறுநாள் அக்கா புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் அறிய அவர்கள் வேறு ஒன்றும் கதைக்கவில்லை.

அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு, உங்கள் மூவரையும் அம்மாமார் கூப்பிட்டு நீங்கள் போன பிறகு, அக்கா என்னை விறாந்தைப் படியில் இருத்திவைத்துக் கேட்டார்.

"அடுத்த போஸ்ட்காட் எப்ப எழுதப்போறாய்?"

"இண்டைக்கு."

"இந்த முறை இன்னொரு பேரும் போடுவமே?" என்று சொல்லி, மதில் அண்ணாவின் பெயரைச் சொன்னார்.

"ஏன் அக்கா?"

யோசித்துத்தான் பதில் சொன்னார். "சும்மாதான். ரெண்டு பேரும் ஒருக்கா ஒண்டா வருதோ எண்டு கேட்டுப் பாக்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா பக்கத்தில பக்கத்தில போட்டிடாத, என்ன? முதல் என்ர பேர். பிறகு உன்ர பேர். அதுக்குப் பிறகுதான் அந்தப் பேர். கடைசியா மற்றாக்கள். நடுவில நீ இருந்தா ஆரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்."

"ஓம் அக்கா" என்றேன்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதினேன். பாட்டை எழுதினேன். படத்தின் பெயரை எழுதினேன். பெயர் எழுதும் இடத்துக்கு வந்ததும் பேனையைத் தூக்கினேன். இரண்டாவது இடம். இரண்டாவது இடமும் பாதுகாப்பில்லை. முதல் பெயரோடு நிறுத்துகிற மனிதர் அந்த அறிவிப்பாளர். நான் அதிகம் யோசிக்கவில்லை, அதுதான் உண்மை. முதலில் என் பெயரை எழுதினேன். அடுத்து அக்காவின் பெயர். அடுத்து அந்த அண்ணாவின் பெயர். அதன்பின் நீங்கள் மூவரும். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது என் பெயர் மட்டும்தான். அதற்குக் கீழே என்ன செய்துவைத்திருக்கிறேன் என்பது கண்ணில் படவேயில்லை. அப்படியே கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? காற்று நின்று வெக்கையாக இருந்தது. மாமி எங்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தந்தார். சீனி கிடைக்காத காலம், புளிப்பாக இருந்தது. பாட்டின் பெயரைச் சொன்னதும் நாங்கள் நிமிர்ந்து இருந்தோம். "விரும்பிக் கேட்டிருப்பவர்கள் திருகோணமலையிலிருந்து" என்றார் அறிவிப்பாளர். என் பெயரைச் சொன்னார். நான் துள்ளி எழும்பினேன். அக்காவின் பெயரைச் சொன்னார். அதை ஒட்டியே, மூச்சுவிடாமல், அந்த அண்ணாவின் பெயரைச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தி, "மற்றும் பலர்" என்றார்.

மதிலடியில் விசிலடித்தார்கள். யாரோ அந்த அண்ணாவின் முதுகில் தட்டினார்கள். அவர் ஒன்றும் விளங்காமல் எங்கள் பக்கம் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் எழும்பி நின்றபடியே அக்காவைப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு ஒன்று வந்து, வந்த வேகத்திலேயே போனது. குனிந்து பாவாடைக் கரையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

பாட்டு முடியவில்லை. கிளாக்கர் மாமா ஒழுங்கைக்குள் வந்துகொண்டிருந்தார். குடை இல்லை. சலூனில் சவரம் செய்துகொண்டிருந்தவர் அங்கே இருந்த ரேடியோவில் கேட்டுவிட்டு, அப்படியே எழும்பி வந்திருக்கிறார். ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரை. கழுத்தில் சலூன் துணி. அந்தக் கோலத்தில் அவரைக் கண்டதுதான் எனக்கு முதல் பயம்.

"வீட்ட போ" என்றார் அக்காவிடம். அக்கா எழும்பிப் போனார்.

என்னிடம் திரும்பினார். "உன்ர பேரும்தானே வந்தது? நீயோ எழுதினது?"

"இல்லை மாமா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். உங்கள் மூவரின் கண்ணும் தரையில் இருந்தது. அட்டை எழுதுவது யார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் வாய் திறக்கவில்லை. நான் குற்றம் சொல்லவில்லை. அன்று நன்றியாக இருந்தது.

அவர் மதிலடிக்குப் போனார். அந்த அண்ணா மதிலிலிருந்து இறங்கி நின்றார்.

"நீயோ எழுதினது?"

அண்ணா அவரைப் பார்க்கவில்லை. ஒழுங்கையில் தலை குனிந்தபடி போய்க்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். பிறகு விறாந்தையில் நின்ற என்னைப் பார்த்தார். என் முகத்தில் அவருக்கு என்ன தெரிந்ததோ.

"ஓம் ஐயா. நான்தான்" என்றார்.

கிளாக்கர் மாமா அடித்தார். கன்னத்தில், திரும்பவும் கன்னத்தில். வாழ்நாளில் யாரையும் அடித்துப் பழக்கமில்லாத கை என்பது அடித்த விதத்திலேயே தெரிந்தது. அண்ணா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மற்றப் பெடியன்கள் மதிலில் இருந்தபடியே இருந்தார்கள். இவ்வளவுக்கும் பாட்டு போய்க்கொண்டே இருந்தது. மாமி ஓடிவந்து ரேடியோவை நிறுத்தினார்.

அன்றிரவு என் அம்மா எனக்கு நாவூறு கழித்தார். ஊரெல்லாம் என் பெயர் கேட்டுவிட்டதாம். மிளகாய் வெடித்த புகையில் நான் இருமிக்கொண்டிருக்க, அம்மா அப்பாவிடம், "ஒரு சின்னப் பிள்ளையின்ர பேரையும் முன்னுக்குப் போட்டு மறைச்சிருக்கிறான், பாருங்கோவன்" என்று சொன்னது கேட்டது. ஒழுங்கை முழுக்க அப்படித்தான் நம்பியது. அவர்கள் பார்வையில் நான் பாதிக்கப்பட்டவள்.

மறுநாள் காலை அந்த அண்ணாவின் தகப்பன் வந்து கிளாக்கர் மாமா வீட்டுப் படலைக்கு வெளியே நின்றார். துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்திருந்தார். படலை திறக்கவில்லை. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுப் போனார். அந்தக் கிழமைக்குள் அண்ணாவைக் குச்சவெளியில் இருந்த தாய்மாமனிடம் அனுப்பிவிட்டார்கள், மீன்வாடிக்கு. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அவர் எழுதவில்லை.

களஞ்சியத்து மதிலில் சீமெந்து பூசி, உடைந்த போத்தல் துண்டுகளைப் பதித்தார்கள். பச்சையும் மண்ணிறமுமாக வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. பெடியன்கள் கொஞ்ச நாள் கீழே நின்று பார்த்துவிட்டு, பிறகு வராமலே விட்டார்கள். மாமிதான் பிள்ளைகளைக் கெடுத்தவர் என்று பெரியவர்கள் முடிவுகட்டினார்கள். சத்தத்தைக் கூட்டினது அவர்தானே. விறாந்தை பூட்டப்படவில்லை, நாங்கள் போகவில்லை. மாமி தனியே இருந்து ரேடியோ கேட்டார். சத்தம் எங்கள் வீடு வரைக்கும் வராது. ஒரு வருடத்துக்குள் அவரும் கணவரும் வீட்டை விட்டுவிட்டு எங்கோ போனார்கள்.

அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வீட்டின் பின்னறையிலேயே வைத்திருந்தார்கள். "அந்த வீட்டுப் பக்கம் தலை வைச்சும் படுக்காத. உனக்கும் பேர் கெட்டுப்போகும்" என்றார் அம்மா. உங்கள் வீடுகளிலும் இதே சொல்தான் சொல்லியிருப்பார்கள். நாலு மாதம் கழித்து யாழ்ப்பாணத்தில் வைத்துக் கல்யாணம் என்று கேள்விப்பட்டோம். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. ஒழுங்கையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு விடியற்காலையில் வாடகைக் கார் ஒன்று போன சத்தம் கேட்டு எழும்பினேன். யன்னலைத் திறப்பதற்குள் அது போய்விட்டது.

கிளாக்கர் மாமாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. அடித்த அன்றிலிருந்து அவர் குனிந்துதான் நடந்தார். மகளைக் காப்பாற்றியதாக நம்பினார். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால், ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் விளையாட்டு என்று ஆகியிருக்கும்; இரண்டு அடி எனக்கு விழுந்திருக்கும்; இரண்டு பேர் பரீட்சை எழுதியிருப்பார்கள். அதை நினைக்காமல் ஒரு வருடமும் போனதில்லை. அந்த அண்ணா குச்சவெளியில் சொந்தமாகப் படகு வாங்கி, கல்யாணம் செய்து, பிரச்சினைக் காலத்தில் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை.

அக்கா போன வருடம் திருகோணமலைக்குத் திரும்பி வந்துவிட்டார். கணவர் காலமான பிறகு, நிலாவெளி வீதியில் இருக்கும் மகளின் வீட்டில். எனக்கு இது தெரிந்து ஏழு மாதம் நான் போகவில்லை. தைப்பொங்கல் முடிந்து ஒரு நாள் பஸ் ஏறினேன்.

மகள்தான் கதவைத் திறந்தார். அக்கா முன்னறையில் கதிரையில் இருந்தார். முழங்கால் ஏலாது. தலை முழுக்க வெள்ளை. என் பெயரைச் சொல்லுமுன், "வா, இரு" என்றார்.

தேத்தண்ணி வந்தது. மகள் உள்ளே போனதும் நான் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்தப் போஸ்ட்காட்டை நீங்கள் சொன்ன மாதிரி நான் எழுதேல்ல."

"தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"அப்பவே. உன்ர பேர் முதல் வந்த உடனயே விளங்கிட்டுது. எத்தினை தரம் பலருக்குள்ள போய் முகம் வாடி நிண்டனி. உன்ர வயசில நானும் அப்பிடித்தான் எழுதியிருப்பன்."

"பிறகேன் உங்கட அப்பாட்டச் சொல்லேல்ல?"

"சொன்னா உன்னையும் ஆரும் சேர்க்கமாட்டினம். அவற்ற பேரைப் போடச் சொன்னது நான்தானே. நீயில்லையே."

எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வருடம் சுமந்ததை அவர் ஒரு வாய்த் தேத்தண்ணிக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் இறக்கி வைத்துவிட்டார். நான் எழும்பப் பார்த்தேன். அக்கா கப்பைக் கீழே வைத்தார்.

"உன்னட்ட ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்கோ அக்கா."

"நாலு மாசம் நான் அந்த அறைக்குள்ள இருந்தனான். ஏன் நீங்கள் ஒருத்தரும் வரேல்ல?"

"அம்மா விடேல்ல."

"எல்லாற்ற அம்மாவும் விடேல்ல. அது தெரியும். பின்வேலியில பொட்டு ஒண்டு இருந்தது. நாய் போற அளவு. நீங்கள் நாலு பேரும் சின்ன ஆக்கள், அதுக்குள்ளால வந்திருக்கலாம். ஒவ்வொரு பின்னேரமும் நான் அந்தப் பக்கம்தான் பாத்துக்கொண்டிருந்தனான். கதைக்கக்கூடத் தேவையில்லை. சும்மா வந்து இருந்திட்டுப் போயிருக்கலாம்."

அவர் குரலில் கோபம் இல்லை. ஐம்பது வருடம் விடை கிடைக்காத ஒரு கேள்வியைக் கேட்கிற குரல் அது. என்னிடம் விடை இருந்தது. அம்மாவுக்குப் பயந்து நான் போகாமல் விடவில்லை. அக்கா அட்டையைப் பற்றிக் கேட்டுவிடுவார் என்று பயந்துதான் போகவில்லை. அதையும் சொன்னேன். அக்கா தலையாட்டினார். இருட்டும்வரை இருந்தேன். அதிகம் கதைக்கவில்லை.

நீங்கள் மூவரும் என்ன காரணத்தால் போகவில்லை என்று எனக்குத் தெரியாது. எழுதிக் கேட்கவும் விரும்பவில்லை. கனடாவில் இருப்பவள் தொலைபேசியில் அழைக்கலாம். அக்காவுக்கு ஒரு காது நன்றாகக் கேட்கும். மட்டக்களப்பில் இருப்பவளுக்குக் காலை பஸ் இருக்கிறது. இங்கேயே இருப்பவளுக்கு நான் வழி சொல்லத் தேவையில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் செவ்வாயும் வெள்ளியும் போகிறேன். மற்ற நாட்களுக்கு ஆள் இல்லை.